அடைத்த கதவுகளுக்குப் பின்னால் தோட்டம் பேணுவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னை மாநகரத்தில் பெரிய தோட்டங்களைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் கல்லூரிகள், சபைகள், மனமகிழ் மன்றங்கள், கோயில்கள், அரசு மாளிகைகள் ஆகியவற்றின் நிர்வாகிகள், தனியார் தோட்ட உரிமையாளர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

இந்த மடலில் ஒரே ஒரு வேண்டுகோள்தான் இருக்கிறது; அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, தை மாதத்தின் கடைசிச் சனியும் ஞாயிறும், காலை ஆறரை மணி முதல் ஒன்பதரை மணி வரை, முன்பதிவு செய்து வரும் சிறு குழுக்களுக்கு நீங்கள் அனைவரும் ஒருசேர உங்கள் தோட்டங்களைத் திறந்துவிட வேண்டும். நான் நிலத்தைக் கேட்கவில்லை. தோட்டத்தைப் பூங்காவாக மாற்றச் சொல்லவில்லை. வாயிற்கதவை நாள்தோறும் திறந்து வைக்கச் சொல்லவும் இல்லை. ஆண்டுக்கு ஆறு மணி நேரம், அவ்வளவுதான். கேட்பதற்கான காரணங்களையும், நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளுக்கு எனக்குத் தோன்றும் விடைகளையும் எழுதாமல் வேண்டுகோளை மட்டும் நீட்டுவது முறையாகாது என்பதால் மடல் சற்று நீளும்.

நான் தோட்டக்காரர் ஒருவரின் மகன். என் தந்தை நுங்கம்பாக்கத்தில் ஒரு பங்களாவில் இருபத்தாறு ஆண்டுகள் தோட்ட வேலை பார்த்தார். பள்ளி விடுமுறை நாள்களில் அவருக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில் பக்கத்துச் சந்திலிருந்த சிறு கதவின் வழியாக உள்ளே போய்விடுவேன். கிணற்றடியிலிருந்து புறப்பட்ட வாய்க்கால் பாத்திகளுக்கிடையே ஓடி, கடைசியில் ஒரு நாகலிங்க மரத்தடியில் போய் நின்றுவிடும். கீழே உதிர்ந்த பூவை எடுத்துக்கொள்ளலாம், மரத்தில் இருப்பதைத் தொடக்கூடாது என்பது வீட்டுக்காரர் எனக்கு இட்ட ஒரே விதி. 1980களின் தொடக்கத்தில் அந்த வீடு கைமாறி, அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. மரத்தை வெட்டுவதற்கு இரண்டு நாள் ஆனது என்று தந்தை சொன்னார். தெருவில் ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை. கேட்காததற்கு அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பத்தடி மதிலுக்கு அப்பால் அப்படி ஒரு மரம் இருந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நான் இந்த மடலை எழுதுவதற்கு உண்மையான காரணம் அந்த இரண்டு நாள்தான்.

உங்களில் பலருடைய தோட்டங்கள் தோன்றிய வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்துகொண்டிருந்த கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அதிகாரிகளும் வணிகர்களும் மேற்கிலும் தெற்கிலும் விரிந்து கிடந்த வெளியில் ஏக்கர் ஏக்கராக நிலம் பெற்று, நடுவில் வீடு கட்டி, சுற்றிலும் மரம் வைத்தார்கள். ‘தோட்ட வீடு’ என்ற சொல் சென்னைக்கு அப்படித்தான் வந்தது. அவர்களுள் ஒருவரான மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் நுங்கம்பாக்கத்தில் வைத்திருந்த தோட்டம் நூறு ஏக்கருக்கு மேற்பட்டது. சிவப்புச் சாயம் தரும் கோச்சினீல் பூச்சியை இங்கே வளர்த்துவிட வேண்டும் என்று சப்பாத்திக்கள்ளி வகைகளைத் தருவித்துச் சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டமே போட வைத்தார். பட்டுப் புழுவுக்காக மல்பெரி நட்டார். அதைப் பற்றியெல்லாம் சீமைக்குச் சளைக்காமல் கடிதம் எழுதினார். 1809இல் இறந்தார். இன்று அவருடைய சிலை புனித ஜார்ஜ் தேவாலயத்தில் இருக்கிறது, பெயர் ஆண்டர்சன் சாலையில் இருக்கிறது, தோட்டம் எங்கேயும் இல்லை.

அவருடையது மட்டுமன்று. மெக்கேஸ் கார்டன், பைகிராப்ட்ஸ் கார்டன் என்று முகவரிகளில் தங்கிவிட்ட பெயர்களுக்குப் பின்னால் நிற்பவை இன்று கட்டடங்களே. மயிலாப்பூர்ப் பக்கம் கபாலித் தோட்டம் என்றும் வள்ளீஸ்வரன் தோட்டம் என்றும் கேட்டுப் போனால் குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடிகளைக் காட்டுவார்கள். செய்தித்தாள்கள் போயஸ் தோட்டம் என்றும் ராமாவரம் தோட்டம் என்றும் எழுதிய காலத்தில் நமக்கெல்லாம் அரசியல்தான் நினைவுக்கு வந்ததே தவிர ஒரு செடிகூட நினைவுக்கு வரவில்லை. தோட்டம் என்ற சொல்லுக்குச் செடியில்லாத பொருளை உண்டாக்கிக்கொண்ட ஊர் வேறு எதுவும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

எஞ்சியவற்றைக் காத்து வைத்திருப்பவர்கள் நீங்கள். அதற்கு நன்றி சொல்லாமல் மேலே எதுவும் எழுதுவது நியாயமன்று. பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றின் தென்கரையில் 27 ஏக்கர் பரப்புள்ள ஹட்லஸ்டன் தோட்டத்தை வாங்கிக் குடியேறி, பிறகு அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்து இன்று 250 ஏக்கருக்கு மேல் பேணிவருகிறது. அங்குள்ள ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் வீசிய புயலில் சாய்ந்த பிறகும் விழுதுகள் நின்று மரத்தைக் காப்பாற்றிவிட்டன. நிலத்துக்குத் தங்கத்தின் விலை வந்துவிட்ட அடையாற்றில் ஆற்றங்கரையை மரங்களுக்கே விட்டு வைத்திருப்பது சிறிய காரியமன்று. பெண்கள் கிறித்தவக் கல்லூரி ‘டவுட்டன் ஹவுஸ்’ என்ற பழைய தோட்ட வீட்டை இடிக்காமல் அதற்குள்ளேயே நூறாண்டுக்கும் மேலாகப் பாடம் நடத்திவருகிறது. 1937இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கரில் புதர்க்காட்டை அதன் போக்கில் விட்டு வைத்திருக்கிறார்கள். கிண்டியிலோ ஆளுநர் மாளிகை, தேசியப் பூங்கா, ஐ.ஐ.டி. வளாகம் ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் ஒன்றாயிருந்த ஒரே காட்டின் துண்டுகள். கடற்கரையோர உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலில் சொல்லப்படும் அந்த வகைக் காட்டில் வீரை, காசான், பாலை முதலிய மரங்கள் வளரும். மாநகரத்துக்குள் அவற்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் உங்களுடைய சுவர்களுக்குள் வந்துதான் ஆகவேண்டும்.

உங்களில் சிலர் குறிப்பிட்ட நேரங்களில் பார்வையாளர்களை அனுமதித்திருக்கிறீர்கள் என்பதையும் அறிவேன். ஆனால் எந்தத் தோட்டம் எப்போது திறந்திருக்கும், யாரிடம் கேட்க வேண்டும், முன்பு இருந்த நேரம் இப்போதும் உண்டா என்பவை தெரிந்தவருக்கு மட்டுமே தெரிந்த செய்திகளாக இருக்கின்றன. அறங்காவலர் ஒருவரைத் தெரிந்தவர், மன்ற உறுப்பினரின் உறவினர், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதத் தெரிந்தவர் ஆகியோருக்குக் கதவு திறக்கிறது. மற்றவர்கள் காவலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

அப்படித் திரும்பியவர்களுள் நானும் ஒருவன், முப்பத்தெட்டு மாணவர்களோடு. நான் வடசென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியராக இருந்தேன். தூண் வேர், தொற்றுத் தாவரம், அடிமரத்திலேயே பூக்கும் மரம் ஆகியவற்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டிச் சலித்துப்போய், இவற்றை எல்லாம் ஒரே இடத்தில் காட்டக்கூடிய ஒரு வளாகத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். அதன் பெயரைச் சொல்வதால் இப்போது யாருக்கும் பயனில்லை. மூன்றாவது கடிதத்துக்கு ‘வரலாம்’ என்று விடை வந்தது. இரண்டு பேருந்து மாறிப் போய் வாயிலில் நின்றபோது, கையெழுத்திட்ட அலுவலர் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவரிடமிருந்து தகவல் இல்லை, உள்ளே விட இயலாது என்றார்கள். ஒரு மணி நேரம் மதில் நிழலில் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தேன். கம்பிக் கதவின் இடுக்கு வழியாகத் தெரிந்த ஒரு மரத்தை வைத்துக்கொண்டு என்னால் முடிந்த பாடத்தை நடத்தினேன். திரும்பும்போது ஒரு மாணவி, “சார், உள்ள இருக்கறவங்களாவது இதையெல்லாம் பாப்பாங்களா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்றும் விடை இல்லை, உங்களிடம் இருக்கலாம்.

தோட்டத்தை அடைத்துக் காவல் போடுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். புகார் நகரத்திலேயே இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில், மணிமேகலை பூப்பறிக்கப் புறப்பட வேண்டியிருக்கும்போது, தோழி சுதமதி அந்த நகரத்துச் சோலைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருகிறாள்: இலவந்திகையின் பக்கம் போனால் அரசனுடைய ஆட்கள் இருப்பார்கள்; உய்யானம் தேவர்களுக்கு உரியது, மனிதர்க்கு ஆகாது; சம்பாதி வனமும் கவேர வனமும் அஞ்சத்தக்க தெய்வங்களின் காவலில் உள்ளவை. கடைசியில் அவள் போகத்தக்க இடமாக உவவனம் ஒன்றுதான் மிஞ்சுகிறது. நம் காலத்தில் தெய்வங்களின் வேலையைத் தனியார் காவல் நிறுவனங்கள் பார்க்கின்றன என்பது மட்டுமே வேறுபாடு.

நான் கேட்பது புதிய ஏற்பாடு அன்று. இங்கிலாந்தில் 1927இல், ஊர் ஊராகச் சென்று நோயாளிகளைக் கவனித்த செவிலியர்களுக்கு நிதி திரட்டுவதற்காக, 609 தனியார் தோட்டங்கள் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் திறக்கப்பட்டன; எட்டாயிரம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. அந்தத் திட்டம் இன்றளவும் நடக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, பிரபுக்களின் மாளிகைத் தோட்டங்களோடு சாதாரணத் தெருவீட்டின் கொல்லைப்புறமும் அதே பட்டியலில் இடம்பெறுவதுதான். லண்டன் நகரத்துக்குள் வேறொரு வகை உண்டு. வீடுகள் நாற்புறமும் சூழ, நடுவில் கம்பிவேலி போட்ட தோட்டம். சாவி சுற்றியுள்ள வீட்டுக்காரர்களிடம் மட்டும் இருக்கும். 1998இலிருந்து ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதியில் இத்தகைய தோட்டங்கள் பலவும் கூட்டாகத் திறக்கப்படுகின்றன. ஒரே சீட்டை வாங்கிக்கொண்டு, கையில் வரைபடத்தோடு, தோட்டம் தோட்டமாக நடக்கலாம்.

அந்த லண்டன் தோட்டங்களின் வரலாற்றில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. 1920களில் மார்னிங்டன் கிரெசன்ட் என்ற இடத்தில் வீடுகளுக்கு முன்னால் இருந்த தோட்டத்தை விற்று, அதன்மேல் ஒரு பெரிய சிகரெட் தொழிற்சாலையைக் கட்டிவிட்டார்கள். சட்டப்படி அதைத் தடுக்க வழியில்லை. அதனால் எழுந்த மனக்கொதிப்பில்தான் 1931இல் தனிச் சட்டம் இயற்றி 461 தோட்டங்களைக் கட்டடம் எழும்பாமல் காத்தார்கள். கம்பிவேலி வழியாகவாவது அந்தத் தோட்டங்கள் தெருவில் போகிறவர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன; ஒன்று போனபோது போய்விட்டது என்று சொல்ல ஆள் இருந்தது. நுங்கம்பாக்கத்து நாகலிங்கத்துக்கு அப்படி ஒருவரும் இல்லை.

சீமைக் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்காக நம் நாட்டிலிருந்தும் ஒன்று. தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையின் 15 ஏக்கர் தோட்டம் ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டி மக்களுக்குத் திறக்கப்படுகிறது. முகலாயத் தோட்டம் என்று வழங்கிவந்த அதற்கு 2023இல் அம்ரித் உத்யான் என்று பெயர் மாற்றினார்கள். விவசாயிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்தனி நாள் ஒதுக்கியதும் உண்டு. பாதுகாப்பைக் காரணம் காட்ட இந்த நாட்டில் யாருக்காவது முழு உரிமை இருக்குமானால் அது அந்த மாளிகைக்குத்தான் இருக்க வேண்டும். அவர்களால் பல வாரங்கள் திறந்து வைக்க முடிகிறபோது, கல்லூரி ஒன்றால் ஆறு மணி நேரம் திறக்க முடியாது என்பதை நம்புவது கடினம்.

இனி உங்கள் மறுப்புகள். மக்கள் வந்தால் தோட்டம் பாழாகும் என்பது முதலாவது. இதில் உண்மை இருக்கிறது. நான் அதைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை. பெரிய மரத்தின் அடியில் நூற்றுக்கணக்கான கால்கள் மிதித்தால் மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் போகாமல், மரம் பல ஆண்டுகள் கழித்துத் தளரும். அப்போது யாரும் அந்த மிதியை நினைத்துப் பார்க்க மாட்டார்கள். ஆலமரத்தின் விழுதைப் பிடித்து ஊஞ்சலாடுபவரும், மரப்பட்டையில் காதலியின் பெயரைச் செதுக்குபவரும் நம் ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆகையால்தான் திறந்த வாயிலைக் கேட்காமல் குழுக்களைக் கேட்கிறேன். ஒரு குழுவில் இருபது பேருக்கு மேல் வேண்டாம். ஒரு குழு வெளியே வந்த பிறகு அடுத்தது உள்ளே போகட்டும். பாதையை விட்டு இறங்கக்கூடாத இடங்களில் ஒரு கயிற்றைக் கட்டுங்கள். ஒரு காலைப் பொழுதில் நூறு பேர் வந்து போனால் போதும். நிழல் என்ற அமைப்பு 2005இலிருந்து இந்த நகரத்தில் மர நடைகள் நடத்திவருகிறது. அந்த நடைகளில் போனவர்களுக்குத் தெரியும், இருபது பேர் ஒரு மரத்தைச் சுற்றி நின்று கேட்டுவிட்டுப் போனால் ஒரு இலைகூட வாடுவதில்லை.

இரண்டாவது, வேண்டாதவர்கள் வருவார்கள் என்பது. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் வாயிற்காவலர்களுக்கு இடப்படும் கட்டளைகளில் அது இருக்கிறது. காதலர்கள், கல்யாணத்துக்கு முன் படமெடுக்க வரும் சோடிகள், உடையை வைத்து ‘இவர் யார்’ என்று முடிவுகட்டப்படும் ஏழைகள். படப்பிடிப்பை நீங்கள் தாராளமாகத் தடை செய்யுங்கள். மூன்று கால் வைத்த கேமராவும் பூப்போட்ட குடையும் உள்ளே வரக்கூடாது என்று எழுதி ஒட்டினால் நானே வந்து நின்று அதைக் காப்பேன். காதலர்கள் முன்பதிவு செய்து, காலை ஆறரைக்கு எழுந்து வந்து, தோட்டக்காரர் பேசுவதை அரை மணி நேரம் கேட்பார்களானால் அவர்களை வரவேற்பதே முறை. மூன்றாவது வகையினரைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது: பட்டியலில் பெயர் இருந்தால் உள்ளே விடுங்கள், அதற்கு மேல் எதையும் பார்க்காதீர்கள்.

மூன்றாவது அச்சம்தான் எல்லாவற்றிலும் பெரியது என்று நினைக்கிறேன்: பார்த்தால் கேட்பார்கள், கேட்டால் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற அச்சம். கதீட்ரல் சாலையில், தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் முயற்சியில் 1835இல் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் நிலம் நெடிய வழக்குகளுக்குப் பின் அரசின் கைக்குப் போனதை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் ஒரு பகுதியில் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது; காருக்குள் உட்கார்ந்தபடியே மர நிழலில் தோசை சாப்பிட்ட தலைமுறை இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. 2010 நவம்பரில் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது இந்த மடலின் பொருள் அன்று. நான் சொல்ல வருவது வேறு. மதிலை உயர்த்திக் கட்டுவதால் நிலம் யார் கண்ணுக்கும் மறைவதில்லை. வருவாய்த் துறையின் பதிவேட்டிலும் நில வணிகரின் வரைபடத்திலும் உங்கள் தோட்டம் சர்வே எண்ணோடு எப்போதும் பளிச்சென்று தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நிலமாகப் பார்க்கிறவர்கள் அனைவருக்கும் அது தெரிகிறது. தோட்டமாகப் பார்க்கக்கூடியவர்களுக்குத்தான் தெரியவில்லை. நாளை ஒரு மேம்பாலத்துக்காகவோ அடுக்குமாடிக்காகவோ அதன் ஒரு மூலையைக் கேட்டு யாராவது வந்தால், அப்போது உங்களுக்காகப் பேசக்கூடியவர்கள் யார்? போன தை மாதத்தில் வந்து பார்த்துவிட்டுப் போன நூறு பேர் பேசுவார்கள்.

ஏன் தை மாதம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 22ஆம் தேதியை ஒட்டி 2004இலிருந்து கொண்டாடப்பட்டுவரும் சென்னை நாளோடு இதைச் சேர்த்துவிடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். அந்த நாளில் கட்டடங்களைப் பார்க்கலாம், தெருக்களில் நடக்கலாம். தோட்டத்துக்கு அது உகந்த காலம் அன்று. ஆவணியில் நம் ஊர்த் தோட்டம் கோடையில் பட்டதிலிருந்து முழுதாக எழுந்திருக்காது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, மண்ணில் ஈரம் இருக்க, வெயில் கடுமையாகும் முன் வரும் தை மாதமே சென்னைத் தோட்டத்தின் நல்ல காலம். மாமரம் பூத்திருக்கும், முள்ளிலவு இலையையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்புப் பூவோடு மட்டும் நிற்கும், அதில் மைனாக்களும் காக்கைகளும் தேனுக்காகச் சண்டையிடும், நாட்டு வாதுமை இலைகள் சிவந்து ஒவ்வொன்றாக விழும். சரக்கொன்றையைப் பார்க்கச் சித்திரையில் இன்னொரு நாள் திறக்க உங்களில் யாருக்காவது மனமிருந்தால் நான் தடுக்கமாட்டேன்.

அடுத்து நான் கேட்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அந்த இரண்டு நாள்களிலும் பார்வையாளர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பை உங்கள் தோட்டக்காரர்களிடம் கொடுங்கள். மக்கள் தொடர்பு அலுவலரோ பேராசிரியரோ வேண்டாம். வேண்டுமானால் அவர்கள் உடன் வரட்டும். எந்த மரம் எந்தப் புயலில் கிளை முறிந்தது, எந்தக் கிணறு எந்த ஆண்டு வற்றியது, எந்த மூலையில் சாரைப்பாம்பு குடியிருக்கிறது, எந்த மல்லிகைக்கு எப்போது கவாத்து செய்தால் அரும்பு வைக்கும் என்பதெல்லாம் கையில் மண்வெட்டியோடு நிற்கிறவருக்குத்தான் தெரியும். என் தந்தை இருபத்தாறு ஆண்டுகளில் அந்தத் தோட்டத்தைப் பற்றி ஒரு விருந்தினரிடம்கூடப் பேசியதில்லை. விருந்தினர் வந்தால் பின்புறம் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. அன்றைய வேலைக்குத் தனிச் சம்பளம் கொடுங்கள். ஆளுக்கு ஐம்பது ரூபாய்க் கட்டணம் வைத்தால், அந்தச் சம்பளத்துக்குப் பிறகும் எருவும் செம்மண்ணும் வாங்க ஏதாவது மிஞ்சும். அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி மாணவர்களிடம் மட்டும் எதுவும் வாங்க வேண்டாம்.

மரங்களில் பெயர்ப்பலகை மாட்டுவதானால் தமிழிலும் எழுதுங்கள் என்று ஒரு துணை வேண்டுகோள். லத்தீன் பெயர் இருக்கட்டும், அது மரத்தின் சாதிச் சான்றிதழ் போன்றது. ஆனால் பெருக்கமரம் என்றோ ஆனைப்புளி என்றோ படித்தால்தான் ஒரு பாட்டி தன் பேரனிடம் ஏதாவது சொல்ல முடியும். கூடவே ஊரையும் எழுதுங்கள். சிவலிங்கத்தின்மேல் நாகம் படமெடுத்தது போன்ற பூவைப் பார்த்துவிட்டு நாகலிங்கம் நம் கோயில்களிலேயே பிறந்த மரம் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அது தென்னமெரிக்கக் காட்டிலிருந்து வந்து நம் பக்தியைச் சம்பாதித்துக்கொண்ட மரம். தூங்குமூஞ்சியும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததே. இதைத் தெரிந்துகொண்டால் அந்த மரங்களின் மதிப்பு குறைந்துவிடாது.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வீசிய மறுநாள் இந்த நகரத்தின் தெருக்களில் நடந்தவர்களுக்கு நான் அடுத்துச் சொல்வது விளங்கும். சாலையோரத்துக் குல்மொஹர்களும் தூங்குமூஞ்சிகளும் வேரோடு சாய்ந்து கிடந்தன. உங்கள் வளாகங்களிலும் இழப்பு பெரிதாக இருந்தது. பிறகு எல்லோரும் நம் நாட்டு மரங்களை நடவேண்டும் என்று பேசினார்கள். விதைக்கு எங்கே போவது? மகிழம், புன்னை, இலுப்பை, வீரை ஆகியவற்றின் முதிர்ந்த தாய்மரங்கள் பெரும்பாலும் உங்கள் மதில்களுக்குள் நிற்கின்றன. காய்க்கும் காலத்தில் விதைகள் கூட்டிப் பெருக்கப்பட்டுக் குப்பையில் சேர்கின்றன. திறப்பு நாள் அன்று வாயிலில் ஒரு மேசை போட்டு, தாள் உறையில் பத்து விதையும், முடிந்தால் ஒரு நாற்றும் கொடுத்தனுப்பினால், வீட்டில் இடமில்லாதவர்கூட ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தின் ஓரத்தில் ஊன்றிவிடுவார்.

பெரிய தோட்டங்களையே சொல்லிக்கொண்டு போகிறேன். அந்தப் பெரிய தோட்டங்கள் எல்லாம் நகரத்தின் நடுவிலும் தெற்கிலும் இருப்பதை எங்களைப் போன்ற வடசென்னைக்காரர்கள் கவனிக்காமல் இல்லை. கும்பினிக்காரர்கள் தெற்கேயும் மேற்கேயும் தோட்டம் போட்டார்கள். வடக்கே பின்னர் ஆலையும் ரயில் பணிமனையும் துறைமுகக் கிடங்கும் வந்தன. ஆகையால் பட்டியல் உங்களோடு நின்றுவிடக் கூடாது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டப் பைகளையும் விதைகளையும் கொடுக்கத் தொடங்கிய பின், பெரம்பூரிலும் கொளத்தூரிலும் தண்டையார்பேட்டையிலும் மொட்டைமாடிகள் மாறியிருக்கின்றன. கீழே நின்று பார்த்தால் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். மேலே ஏறினால் பந்தலில் பாகற்காயும், பழைய பெயிண்ட் வாளியில் கத்தரியும், எங்கிருந்தோ வந்து சேர்ந்த தேனீக்களும் இருக்கும். இவையும் மறைந்த தோட்டங்களே. ஆளுநர் மாளிகையும் கொளத்தூர் மாடியும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரியில் அச்சாக வேண்டும் என்பது என் ஆசை. கோயில் நந்தவனங்களும் அதில் வரட்டும். பூட்டிக் கிடக்கும் நந்தவனம் ஒன்று திறப்பு நாளை முன்னிட்டாவது களையெடுக்கப்படும்.

மாநகராட்சியிடம் நான் எதிர்பார்ப்பது மிகக் குறைவு. அந்த இரண்டு காலைகளில் தோட்டங்களுக்கு அருகில் நடமாடும் கழிப்பறை வண்டிகளை நிறுத்தட்டும், குப்பையை அள்ளட்டும், பட்டியலைத் தமிழில் அச்சிட்டு நூலகங்களிலும் பள்ளிகளிலும் ஒட்டட்டும். தொடக்க விழா, மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை, முக்கியப் பிரமுகர் ஒருவரின் கையால் மரக்கன்று நடுதல் ஆகிய எதுவும் வேண்டவே வேண்டாம். பிரமுகர் வருவதானால் முன்பதிவு செய்து இருபதில் ஒருவராக வரலாம்.

எல்லோரும் ஒரே ஆண்டில் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. ஐந்து பேர் முன்வந்தால் தொடங்கிவிடலாம். உங்கள் நிர்வாகக் குழுக்கள் கூடி முடிவெடுக்கக் காலம் தேவை என்பதை அறிவேன். மூன்று கடிதம் எழுதிக் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. வரும் கார்த்திகைக்குள் ஒரு வரி எழுதினாலும் போதும்.

பட்டியலில் முதல் பெயரை இப்போதே சேர்த்துக்கொள்ளலாம்: என்னுடைய மொட்டைமாடி. நாற்பது பைகள், எட்டுத் தொட்டிகள், ஒரு பந்தல். பெரிய பீப்பாய் ஒன்றில், மூன்று முறை பட்டுப்போய் நான்காவது முறை பிழைத்துக்கொண்ட நாகலிங்கக் கன்று ஒன்று. அது அங்கே மரமாக முடியாது, தெரியும். உங்களில் யாராவது இடம் கொடுத்தால் கொண்டுவந்து நட்டுவிடுகிறேன். மாடிக்கு மூன்று தளம் ஏற வேண்டும், மின்தூக்கி இல்லை, கைப்பிடிச் சுவர் தாழ்வானது என்பதால் ஒரு வேளைக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். ஏறி வருபவர்களுக்கு மோர் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
வியாசர்பாடி, சென்னை.